அறிவையும் தண்ணீரையும் சேமிக்க வந்தவர்

ஆலோசகர்களில் ஓர் உட்பிரிவு உண்டு. ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறவர்களின் தலைக்குள் இருக்கும் அறிவு வீணாகாமல் பார்த்துக்கொள்வதாகவும், அதே கையோடு பூமியின் தண்ணீரும் காற்றும் வீணாகாமல் பார்த்துக்கொள்வதாகவும், இரண்டுக்கும் சேர்த்து ஒரே அறிக்கையாகத் தந்துவிடுவதாகவும் சொல்லிக்கொண்டு வருகிற பிரிவு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பலகை கண்ணில் பட்டால் போதும், இவருக்குக் கை துறுதுறுக்கும். ஒரு வட்டம் போட்டு அதற்குள் ‘அறிவு’ என்று எழுதுவார். பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டு ‘பசுமை’ என்று எழுதுவார். இரண்டும் உரசுகிற இடத்தைக் கோடு போட்டு நிரப்பிவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

இந்தக் கதையில் வரும் நம்மவருக்கு, அவர் போன சலவை ஆலையில் முதல் நாள் மத்தியானத்துக்குள்ளேயே ‘வட்டம்’ என்று பெயர் விழுந்துவிட்டது.

ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, துவாலை, சமையல்காரர்கள் கட்டும் ஏப்ரன் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து வெளுத்துப் போகும் ஆலை அது. எட்டு இயந்திரங்கள், அறுபது பேர். இருக்கிறவற்றில் பெரிய ஓட்டல் ஒரு நிபந்தனை போட்டிருந்தது: தண்ணீரை எப்படி மிச்சம் பிடிக்கிறீர்கள் என்று காட்டினால்தான் அடுத்த வருஷமும் உங்களுக்குத் துணி வரும். ஆலையின் பாதி வேலை அந்த ஓட்டலுடையது. முதலாளியம்மா பயந்துபோய் ஆலோசகரைக் கூப்பிட்டார்.

வந்தவர் சும்மா வரவில்லை. அறுபது பேருக்கும் ஆளுக்கொரு துணிப்பை, நோட்டு, பேனா, ‘குறைவாகப் பயன்படுத்துவோம்’ என்று அச்சடித்த பீங்கான் கோப்பை. ஏற்கெனவே கோப்பை வைத்திருந்தவர்கள் இப்போது இரண்டு வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் ‘அறிவு வங்கி’ என்று ஒன்றைத் திறந்தார். கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் இன்னொரு கோப்புறை. “இனிமே யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் இதுல தேடுங்க. ஆளைத் தேடி ஓடாதீங்க, யாரையும் தொந்தரவு பண்ணாதீங்க” என்று கூட்டம் போட்டுச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

அந்த மாதக் கடைசியில் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர் வேலையை விட்டுப் போவதாக இருந்தார். கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். பன்னிரண்டு வருஷமாக அங்கே இருந்தவர். ஆலை முழுக்க அவருக்கு ‘வால்வக்கா’ என்றுதான் பெயர். இப்படி ஒரு பெயர் ஒரு மனுஷிக்கு ஏன் வந்தது என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றுகிறதல்லவா? நம்மவருக்குத் தோன்றவில்லை. அவருக்கு அதைவிடப் பெரிய வேலை இருந்தது. நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவத்தை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

“அக்கா, உங்க அறிவை இந்தக் கம்பெனிக்கு விட்டுட்டுப் போகணும்.”

“விட்டுட்டுப் போக எங்கிட்ட என்ன சார் இருக்கு? ஒரு சாப்பாட்டு டப்பா இருக்கு. அது எனக்கு வேணும்.”

நம்மவர் சிரித்தார். ஆனால் படிவம் சிரிக்கவில்லை. ‘தங்கள் பணியில் உள்ளார்ந்த அறிவின் பங்கு எத்தனை சதவிகிதம்?’

“இது ஒண்ணும் புரியலையே சார்.”

“தோராயமாச் சொல்லுங்க.”

“நாப்பதுன்னு போட்டுக்கவா?”

“அறுபது போடுங்க. நாப்பது கொஞ்சம் கம்மியாத் தெரியும்.”

அக்கா அறுபது என்று போட்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “சார், அந்த மேல் டேங்க் விஷயம் ஒண்ணு சொல்லணும். ரெண்டு நிமிஷம் மெஷின்கிட்ட வந்தீங்கன்னா...” என்று ஆரம்பித்தார்.

“அதெல்லாம் முப்பத்தெட்டாவது கேள்வில வரும் அக்கா. வரிசையாப் போவோம்.”

முப்பத்தொன்றாவது கேள்வியில் வேலை முடியும் மணி அடித்தது. மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் நிரப்பித் தரச் சொன்னார். முப்பத்தெட்டாவது கேள்வி என்ன தெரியுமா? ‘இந்தப் படிவம் தங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா?’

அக்கா ‘ஆம்’ என்று போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நல்ல மனசு.

இரண்டு வாரம் கழித்து, ஓட்டலிலிருந்து இருநூறு துவாலைகள் திரும்பி வந்தன. வெள்ளையாக இருக்க வேண்டியவை பாத்திரம் துடைத்த நிறத்தில் இருந்தன. இஸ்திரிப் பிரிவிலிருந்து மாற்றி, அக்காவின் இடத்தில் போட்டிருந்த ஆள் பதறிப்போனார். மேல் டேங்கிலிருந்து வரும் தண்ணீர்தான் அழுக்கு என்று கண்டுபிடித்து, டேங்கையே மூடிவிட்டு, எட்டு இயந்திரத்துக்கும் புதுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். துவாலை வெளுத்தது. ஆனால் தண்ணீர் மீட்டர் பேய் பிடித்த மாதிரி சுற்றியது. முன்பு இழுத்ததைப் போல ஒன்றரை மடங்கு. அடுத்த வாரம் ஓட்டல் மேலாளர் நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் வேறு.

முதலாளியம்மா நம்மவரை அழைத்தார். “நீங்க வர்றதுக்கு முன்னாடி எங்களுக்குத் தண்ணி கம்மியாச் செலவாச்சு. அது ஏன்னு எனக்குத் தெரியாது. இப்ப ஏன் கூடுதுன்னும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?”

“ஒரு நிமிஷம் மேடம்” என்று அறிவு வங்கியைத் திறந்து ‘டேங்க்’ என்று தேடினார். நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் வந்தது. எல்லாம் அவரே எழுதியவை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பதினைந்து வருஷமாகச் செய்கிற தொழிலில் முதல்முறையாக, தன் எழுத்தைத் தானே உட்கார்ந்து படித்தார். அதில் ஒன்றுமே இல்லை என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. பாவமாகத்தான் இருந்தது.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ஏங்க, அந்தம்மாவையே கேக்க வேண்டியதுதானே?” என்றார்.

“அவங்க வேலைய விட்டுப் போயிட்டாங்க.”

“வேலையத்தானே விட்டாங்க? போனையுமா விட்டுட்டாங்க?”

மறுநாள் காலையில் இஸ்திரிக்காரரிடம் தயங்கித் தயங்கி விசாரித்தார்.

“அக்கா நம்பரா? எங்கிட்ட இருக்கே சார்.”

“அப்ப நீங்களே கேட்டிருக்கலாமே?”

“ஆளைத் தேடி ஓடாதீங்க, யாரையும் தொந்தரவு பண்ணாதீங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

நம்மவர் அவர் போனை வாங்கி, அலுவலக அறைக்குள் போய்ப் பேசினார். அக்காவுக்குக் குரலைக் கேட்டதும் சந்தோஷம். விஷயத்தைக் கேட்டதும் ஒரே கேள்விதான். “இப்ப எங்க நிக்கிறீங்க சார்?”

“ஆபீஸ் ரூம்ல.”

“அங்க நின்னா புரியாது. கீழ போங்க. கடைசி மெஷினுக்குப் பின்னாடி போங்க.”

போனார். நீராவியும் சோப்பு வாடையும் முகத்தில் அடித்தன. இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்தார்.

“சிவப்பா ஒரு வால்வு தெரியுதா? அதுல கைய வைங்க. ஒவ்வொரு மெஷின்லயும் கடைசியா அலசுற தண்ணி சுத்தமா இருக்கும் சார். அது மேல் டேங்குக்குப் போகும். அடுத்த மூட்டைக்கு முதல் அலசலுக்கு அதைத்தான் விடுவோம். ஆனா இந்தக் கடைசி மெஷின்ல மட்டும்தான் ஏப்ரன் போடுவாங்க. ஏப்ரன்ல எண்ணெய். அது டேங்குக்குப் போனா துண்டெல்லாம் நாசம். அதனால ஏப்ரன் போடுறதுக்கு முன்னாடி வால்வைச் சாக்கடைப் பக்கம் திருப்பணும். துண்டு போடும்போது மறுபடி டேங்க் பக்கம். அவ்வளவுதான்.”

திருப்பினார். குழாய்க்குள் தண்ணீர் திசை மாறி ஓடுவது உள்ளங்கையில் அதிர்ந்தது. எங்கிருந்தோ ஒரு பீச்சல் கிளம்பிச் சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்தது.

“இதெல்லாம் உங்களுக்கு யாரு அக்கா சொல்லிக் கொடுத்தாங்க?”

“யாரும் சொல்லல. நல்ல தண்ணி வீணாப் போகுதேன்னு வயிறு எரிஞ்சுது. குழாய்க்காரரைப் பிடிச்சு மாட்டிக்கிட்டேன்.”

“எங்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“முப்பத்தெட்டுல வரும்னீங்களே சார்.”

அக்கா குத்திக் காட்டச் சொல்லவில்லை. அதனால்தான் அது அப்படிக் குத்தியது. நம்மவர் ஈரச் சட்டையோடு வால்வைப் பிடித்தபடியே, “மன்னிச்சிருங்க அக்கா” என்றார். “அட, விடுங்க சார். டேங்கைக் கழுவச் சொல்லுங்க மொதல்ல” என்றார் அக்கா. மொத்தம் நாலு நிமிஷப் பேச்சு.

நம்மவர் ஓர் அட்டையைக் கிழித்தார். ‘ஏப்ரனுக்கு முன் இந்த வால்வைச் சாக்கடைப் பக்கம் திருப்பு. துண்டுக்கு முன் டேங்க் பக்கம் திருப்பு. சந்தேகமா? அக்காவுக்குப் போன் போடு’ என்று எழுதி, கீழே எண்ணையும் போட்டு, கம்பியால் வால்விலேயே கட்டினார். டேங்கைக் கழுவினார்கள். மீட்டர் அடங்கியது. ஓட்டல் மேலாளர் வந்து, நம்மவர் தயாரித்த இருநூற்று நாற்பது பக்க அறிக்கையைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு வைத்தார். பிறகு கீழே போய் அட்டையைப் படித்தார், வால்வைத் திருப்பிப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், அடுத்த வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். முதலாளியம்மா அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்து, அந்த ஊரிலிருந்து மாதம் ஒரு நாள் வந்துபோக முடியுமா என்று கேட்டார். அக்கா வருகிறார்.

நம்மவர் திருந்தினாரா என்று கேட்பீர்கள். திருந்தினார். இப்போது எந்த ஆலைக்குப் போனாலும் நேரே இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, வேலை செய்கிறவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார். ஐந்து நிமிஷம் வரை உண்மையாகவே கேட்கிறார். ஆறாவது நிமிஷம், “அப்படியே நில்லுங்க, இந்த முறைக்கு ஒரு நல்ல பேர் வைக்கணும்” என்று பையைத் திறக்கிறார். பிறவிக் குணம், ஐந்து நிமிஷம் கிடைத்ததே பெரிய விஷயம்.

நமக்கென்ன, நாம் ஆலோசகர் இல்லையே என்று நீங்கள் நிம்மதியாகப் புன்னகைப்பது தெரிகிறது. இருக்கட்டும். சமையலறையிலிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டு இரண்டு நிமிஷமாகிறது, கவனித்தீர்களா? “அதை மெசேஜ்ல அனுப்பு, அப்புறம் பாக்கறேன்” என்றுதானே குரல் கொடுக்கப் போகிறீர்கள்?