மஞ்சக்குட்டை ஜீப்பில் நான் செய்த புரட்சி

நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்கு ஒரு கோளாறு உண்டு. கேட்பவர் மயங்குவதற்கு முன்னால் தாமே மயங்கிவிடுவார்கள். எனக்கு அது முற்றியிருந்த காலத்தில் சேலத்தில் ஒரு கல்லூரி நேர்காணலுக்குக் கூப்பிட்டது. பாடம், பேச்சுக்கலையும் வாதப் பிழைகளும். (சிரிக்காதீர்கள், இனிமேல்தான் இருக்கிறது.) "ஒண்ணு இந்த வேல, இல்லீன்னா கல்யாணம்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

அன்று காலை மஞ்சக்குட்டையில் நல்ல மூடுபனி. காப்பி பூத்த வாசனை வந்தது, செடி தெரியவில்லை. ஏற்காடு போகும் ஷேர் ஜீப்பில் உட்கார்ந்தால் மேகத்துக்குள் மிதப்பது போல ஒரு சுகம். மூலையில் ஓர் இளைஞர் நான் ஏறுவதைப் பார்த்துவிட்டு, ஃபைலை அணைத்தபடி வாய் திறந்து தூங்கிப்போனார். எனக்கும் கண் சொக்கியது. பிறகுதான் ஏற்காட்டில் பிடிக்க வேண்டிய சேலம் பஸ் நினைவுக்கு வந்தது.

"அண்ணா, எனக்கு இன்டர்வியூ இருக்குதுங்க!"

"இன்னும் ரெண்டே பேரு வந்தரட்டும் கண்ணு. வந்ததும் பறந்தரலாம்" என்றார் டிரைவர் மணி அண்ணன். நிறையாமல் ஜீப்பை எடுக்கிற வழக்கம் எங்கள் மலையில் கிடையாது.

நான் எழுந்தேன். (கூரை தலையில் இடித்தது. அதுவே ஓர் எச்சரிக்கை.) முதலில் என் எம்.ஏ. பட்டத்தைச் சொன்னேன். அடுத்து உணர்ச்சி. எதிரே உட்கார்ந்திருந்த பழனியம்மாக்காவின் கூடையைக் காட்டி, "இந்தக் கொய்யா அழுகுதே, கேக்க ஆளில்லையா?" என்றேன். (அத்தனையும் காய்.) பிறகு தர்க்கம். இன்று இரண்டு பேருக்குக் காத்திருந்தால், நாளை ஊருக்கே காத்திருக்க வேண்டி வரும். கடைசியில் குரலை உயர்த்தினேன்.

"ஒண்ணு, எல்லாரும் இறங்கி நடப்போம். இல்லாட்டி காலம்பூரா அடிமையா இருப்போம்!"

இறங்கினால் மணி அண்ணன் பதறிக் கூப்பிடுவார் என்பது என் கணக்கு. எல்லோரும் இறங்கிவிட்டார்கள், தூங்கியவரைத் தவிர. பாவம், அவர் என் பேச்சைக் கேட்கவில்லை.

முதல் வளைவைத் தாண்டும்போது பின்னால் ஹாரன் கேட்டது. சேர்வராயன் கோயிலுக்குப் போகும் ஒரு பெரிய குடும்பம் ஜீப்பை நிறைத்திருந்தது. மணி அண்ணன் வேகத்தைக் குறைத்து, "கோவிச்சுக்காதீங்க கண்ணு, நெறஞ்சிருச்சு" என்றார். பனி ஜீப்பை விழுங்கியது.

அப்போதுதான் மூன்றாவது வழி ஒன்று உறைத்தது. சும்மா உட்கார்ந்திருந்திருக்கலாம். இரண்டே வழி இருப்பதாகக் காட்டி ஏமாற்றும் வாதப் பிழையைத்தான் நேர்காணலுக்கு நான் உருப்போட்டிருந்தேன்.

"நீ பேசுனது நொம்ப நல்லாருந்துச்சு கண்ணு, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு" என்றபடி கூட நடந்தார் பழனியம்மாக்கா. "எதுக்கு இறங்குனோம்னுதான் தெரியல."

எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. ஆனாலும் அந்த வெள்ளைப் பனியில், பூ வாசனையில் நடந்தது இன்னும் கனவில் வருகிறது.

கல்லூரி வாசலை எட்டியபோது நேர்காணல் முடிந்திருந்தது. வேலை கிடைத்தவர் ஃபைலோடு வெளியே வந்தார். மூலையில் தூங்கியவர்!

"ஏனுங்க, நீங்க ஜீப்புல ஏறுனதைப் பாத்தேனே, எங்கீங்க இறங்குனீங்க?"

நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. டீ வாங்கிக் கொடுத்தார்.

அப்பா சொன்னபடியே வேலை போய்க் கல்யாணம் வந்தது, டீ வாங்கிக் கொடுத்தவரோடுதான். இன்றுவரை வீட்டில் நான் எந்த வாதத்தைத் தொடங்கினாலும், "ஒருக்கா உம்பேச்சைக் கேக்காமத் தூங்குனேன், வேலயே கெடச்சுது" என்று போர்வையை இழுத்துக்கொள்கிறார். ஒரு சம்பவத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது, அது அவசர முடிவு என்னும் வாதப் பிழை என்று ஆதாரங்களோடு விளக்குவேன்.

குறட்டைதான் பதில்.