வசூலுக்கு வந்தவருக்குக் கோழிக் குழம்பு

எனக்குக் குரல் நல்ல குரல். எங்கள் வண்டி பறிபோனதற்கு அதுதான் காரணம்.

தற்பெருமைக்குச் சொல்லவில்லை. விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் காலை வழிபாட்டில் செய்தி வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ரேடியோ மாதிரியே இருக்கும் என்று எங்கள் தமிழ் டீச்சர் சொல்வார். கல்யாணமாகி மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டுக்கு வந்த பிறகு அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் போனது. ஆட்டை விரட்ட அவ்வளவு சுத்தமான உச்சரிப்பு தேவைப்படவில்லை.

என் வீட்டுக்காரர் மணி கடனில் ஒரு குட்டியானை வாங்கினார். (நிஜ யானை இல்லை. சின்னச் சரக்கு வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். நிஜ யானை என்றால் தழை தின்றாவது பிழைத்துக்கொள்ளும், இது டீசல்தான் கேட்கும்.) ஊரில் விளையும் அன்னாசி, வாழை, மரவள்ளி எல்லாவற்றையும் சோளக்காட்டுச் சந்தைக்கும், அங்கிருந்து கீழேயும் கொண்டு போவது தொழில். கொஞ்ச காலம் தவணையை ஒழுங்காகக் கட்டினோம். பிறகு ஒரு வருஷம் மழை ஏமாற்றியது, மிளகு ஏமாற்றியது, கடைசியில் நாங்கள் பைனான்ஸ் கம்பெனியை ஏமாற்றும்படி ஆகிவிட்டது.

ஏமாற்றுவது எங்கள் நோக்கமில்லை. அடுத்த வருஷம் மிளகுக் கொடியில் காய் நன்றாகப் பிடித்திருந்தது. தை கழிந்து மிளகு பறித்துவிட்டால் நின்றுபோன தவணை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கட்டிவிடலாம். அதுவரைக்கும் வண்டி எங்கள் கையில் இருக்க வேண்டும். வண்டி போய்விட்டால் வாடகை வரும்படி போகும், மணி மறுபடி கூலிக்குப் போக வேண்டும், கடன் மட்டும் எங்கேயும் போகாது. ஆகவே தை வரைக்கும் கம்பெனிக்காரர்கள் எங்களைப் பிடிக்கக் கூடாது. இதுதான் எங்கள் குடும்பத்தின் மொத்தத் திட்டம்.

மணி தன் போனை அணைத்துப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு நிம்மதியாக வண்டி ஓட்டப் போய்விட்டார். ஆனால் கடன் வாங்கும்போது என் நம்பரையும் எழுதிக் கொடுத்திருந்தார். (மனைவிக்குச் சம உரிமை!) எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது சமையற்கட்டு ஜன்னலில் மட்டும்தான். அதனால் என் போன் ஒரு பாலித்தீன் பைக்குள் அந்த ஜன்னல் கம்பியிலேயே தொங்கும். நான் வெங்காயம் உரிக்க உட்காருவதும் அது அடிப்பதும் சரியாக இருக்கும்.

எடுக்காமல் விட்டுப் பார்த்தேன். வேறு நம்பரில் வந்தது. அதையும் விட்டேன். இன்னொரு நம்பர். ஒரு நாள் எரிச்சலில் பச்சையை அமுக்கிவிட்டேன். அமுக்கிய பிறகுதான் என்ன பேசுவது என்று யோசனை வந்தது. அந்த அவஸ்தையில் என் வாயிலிருந்து வந்தது பழைய வழிபாட்டுக் குரல்.

"நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார். தயவுசெய்து சிறிது நேரம் கழித்து முயற்சிக்கவும். நன்றி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் மணியிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "எங்க, ஒருக்கா சொல்லு புள்ள" என்றார். சொன்னேன். ரேடியோ எங்கே என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று முதல் கம்பெனியைச் சமாளிக்கும் பொறுப்பு என் தலையில் முறைப்படி ஏறியது. நானும் சும்மா இருக்கவில்லை, தொழிலை விருத்தி செய்தேன். தமிழுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் ஒரு தடவை, அதற்குப் பின்னால் இந்தியில் ஒரு வரி. (எனக்கு இந்தி தெரியாது. வேகமாகச் சொன்னால் அது யாருக்குமே தெரியாது.) கூப்பிடுகிறவர் ஒரு பையன், பேர் குமரேசன் என்பதும் தெரிந்தது. நான் பேசி முடிப்பதற்குள் பின்னால் யாராவது அந்தப் பேரைச் சொல்லிக் கத்துவார்கள். முழுதும் கேட்டுவிட்டுத்தான் வைப்பார். எனக்கு அவர் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

இப்படியே கார்த்திகை போனது. மார்கழியில் ஒரு மத்தியானம் வழக்கம்போல அடித்தது. வழக்கம்போல மூன்று பாஷையிலும் சொல்லி முடித்தேன். அன்று அவர் வைக்கவில்லை. பக்கத்தில் யாரிடமோ பேசுவது கேட்டது.

"இல்லீங்ணா, காலைல டீ குடிச்சதுதான். இந்த லிஸ்ட் முடிச்சாத்தான் சோத்துக்கு உடுவாராம். தலை கிர்ருன்னு வருதுங்ணா."

எங்கள் ஊரில் பகையாளி வாசலில் வந்து நின்றாலும் முதலில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்போம், சண்டை அப்புறம். இது யோசித்துச் செய்வதில்லை, தும்மல் மாதிரி தானாக வருவது. வந்துவிட்டது.

"ஏனுங்க, மணி மூணாகப் போவுது, இன்னுமா சாப்பிடலீங்க?"

நான் அவசரமாக, "தயவுசெய்து சிறிது நேரம் கழித்து..." என்று ஆரம்பித்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

"ஏனுங்க்கா..." என்றார் குமரேசன், மெதுவாக. "இல்லீங்க்கா, இன்னும் சாப்பிடலீங்க்கா."

இந்த இடத்தில் புத்தியுள்ளவள் போனை வைத்திருப்பாள். பசியென்று சொல்லும் பையனிடம் எப்படி வைப்பது? "வவுத்தக் காயப் போடாத சாமி. மேல வந்தீன்னா ஊட்டுக்கு வா, ஒரு வாய் சாப்பிட்டுப் போலாம்" என்றேன். இதை நாங்கள் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்களிடமும் சொல்வோம். யாரும் வந்ததில்லை.

"ஊடு எங்கீங்க்கா?"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கம்பெனி அதுவரை எங்கள் வீட்டுக்கு வராததற்குக் காரணம் இரக்கம் இல்லை, விலாசம். கடன் பத்திரத்தில் 'மணி, குண்டூர் நாடு' என்றுதான் இருந்தது. குண்டூர் நாட்டில் மணி என்று கூப்பிட்டால் பாதி ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் வழி கேட்டவருக்குத் தப்பாக வழி சொல்வது பாவம் அல்லவா? சோளக்காட்டில் இறங்கு, இன்ன மண் ரோட்டில் திரும்பு, பாறைக்கு மேற்கே இன்ன வீடு, சந்தேகம் வந்தால் மளிகைக் கடையில் கேள், எல்லாம் சொன்னேன்.

"அடையாளம் ஏதாச்சும் இருக்குங்களா?"

"வாசல்ல பலாமரம். அதுக்கடியில எங்க குட்டியானை நிக்கும் பாரு" என்றேன்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது என்பார்களே, நான் ஓணானுக்குப் பஸ் வழியும் சொல்லி அனுப்பினேன். மணியிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லலாம் என்று போனபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் தூங்கினார். அப்புறம் நானே மறந்துவிடப் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே குமரேசன் வந்தார். கூடவே ஒரு டிரைவர். வண்டியை ஓட்டிக்கொண்டு போவதற்கு. பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அந்த டிரைவர் வாந்தி எடுத்திருக்கிறார். வந்ததும் பேசாமல் பலாமரத்தடியில் படுத்துவிட்டார். வண்டி கழுவிக்கொண்டிருந்த மணி, வந்தவர்கள் என் பிறந்த வீட்டு வகையறா என்று நினைத்துவிட்டார்.

"வாங்க வாங்க! ஏ புள்ள, யாரு வந்திருக்காங்க பாரு!" என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேவலைப் பிடித்தார்.

நான் எப்படிச் சொல்வேன்? குழம்பு வைத்தேன். சாமைச் சோறும் கோழிக் குழம்பும். குமரேசன் தலை நிமிராமல் சாப்பிட்டார். மணி பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு துண்டு வெய்யி புள்ள, கூச்சப்படறாரு" என்றார். டிரைவருக்குச் சுக்குத் தண்ணி வைத்துக் கொடுத்தேன்.

கை கழுவியதும் குமரேசன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது, காரத்தினால் மட்டும் இல்லை. "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. வண்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்காங்க."

மணி காகிதத்தைப் பார்த்தார். சேவல் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். "இவரு உங்க சித்தப்பா வகை இல்லியா?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

வண்டிச் சாவியை மணியே கொடுத்துவிட்டார். இனி டிரைவர் எழுந்திருக்க வேண்டியதுதான். அவர் எழுந்தார், ரோடு போகும் திசையைப் பார்த்தார், மறுபடி படுத்தார்.

"எழுபது வளைவுங்க. நான் ஓட்ட மாட்டேன். எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதுங்க."

குமரேசனுக்கு லைசென்ஸ் கிடையாது. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "அண்ணா... கேக்கறதுக்கே சங்கடமா இருக்குது. நீங்களே கொஞ்சம் கீழ எறக்கிக் குடுத்தர்றீங்களா?"

"அதுக்கென்னங்க" என்றார் மணி.

இப்படியாக, பறிமுதல் செய்யப்பட்ட தன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு ஒப்படைக்கப் போனார் என் வீட்டுக்காரர். குமரேசன் முன்னால் உட்கார்ந்தார். நானும் டிரைவரும் பின்னால். எதற்கு நான் போனேன்? கடைசியாக ஒரு தடவை அதில் ஏறிப் போக வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

சோளக்காட்டில் வண்டியைக் கண்டதும் மணியின் பெரிய மாமா கை காட்டினார். காலி வண்டி மலையிறங்குவது எங்கள் பக்கம் குற்றம் மாதிரி. "ஏ மணி, கீழயா போற? நாலு மூட்டை ஏத்திக்க!" பறிமுதல் வண்டி என்று மாமாவிடம் சொல்ல முடியுமா? மானம் போய்விடும். "ஏத்துங்க மாமா" என்றார் மணி. மரவள்ளி ஏறியது. இன்னொரு மச்சானின் அன்னாசி ஏறியது. டிரைவர் அன்னாசிக்கு நடுவில் ஒதுங்கிப் படுத்தார்.

"வாடகையெல்லாம் அடுத்த வாரம் சேத்தித் தாரேன்" என்றார் பெரிய மாமா.

"இருக்கட்டுங்க மாமா."

முன் சீட்டிலிருந்து குமரேசன் மெதுவாகக் கேட்டார். "அண்ணா, போன வார வாடகை வந்துருச்சுங்களா?"

"அதுவும் நிக்குதுங்க."

"அதுக்கு முந்தி?"

"சொந்தக்காரங்ககிட்ட எப்படிங்க வாய் விட்டுக் கேக்கறது?" என்றார் மணி.

அப்போது குமரேசனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அத்தனை நாளாக எங்களிடம் கேட்டு ஓய்ந்த ஆள். கதவைத் திறந்து இறங்கினார், சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"ஐயா, வணக்கமுங்க. இந்த வண்டி இப்ப கம்பெனி வண்டி. மணி அண்ணனுக்குத்தான் நீங்க மாமா. கம்பெனிக்கு மாமா மச்சானெல்லாம் கெடையாதுங்க. பழைய பாக்கியக் குடுத்தாத்தான் மூட்டை நகரும்."

மாமா மணியைப் பார்த்தார். மணி ஸ்டியரிங்கைப் பார்த்தார். சந்தையில் நாலு பேர் கூடிவிட்டார்கள். கூடிய நாலு பேரில் மூன்று பேர் எங்களுக்குப் பாக்கி என்பது அப்போதுதான் எனக்கே தெரியும். குமரேசன் ஒருவரையும் விடவில்லை. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, சத்தம் கிடையாது. எண்ணிக் கொடுக்கும்வரை சும்மா நகராமல் நின்றார். வழியிலும் பாக்கி கேட்க இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். மலையடியில் காளப்பநாயக்கன்பட்டி வந்து சேர்ந்தபோது நின்றுபோன தவணை எல்லாம் அவர் பைக்குள் இருந்தது. ரசீது போட்டார். ஆபீசுக்குப் போன் போட்டு, "பார்ட்டி கட்டிட்டாருங்க சார், வண்டிய உட்டுறட்டுங்களா?" என்று கேட்டார். சாவி திரும்பி வந்தது.

டீக்கடையில் அவரிடம் கேட்டேன். "என் குரல எப்பக் கண்டுபுடிச்ச சாமி?"

"மொத நாளேங்க்கா. நீங்க போன எடுத்தா இந்தப் பக்கம் எங்க போன்ல நிமிஷம் ஓடுமில்லீங்க."

"அப்பறம் எதுக்கு முழுசும் கேட்ட?"

"மத்தவங்கெல்லாம் எங்கம்மாவத் திட்டுவாங்க. நீங்க ஒருத்தர்தானுங்க நன்றின்னு சொல்லி முடிப்பீங்க" என்றார்.

மாமன் மச்சான் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் மலையேறும்போது மணியின் கவலை. அடுத்த வாரமே வாடகை மறுபடி பாக்கி விழ ஆரம்பித்தது. அவருக்குக் கேட்க வாய் வராது. எனக்கு நல்ல குரல் இருக்கிறதே! ஜன்னல் ஓரம் நின்று நானே ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். கடன் முழுதும் அடைந்துவிட்டது, வண்டி இன்னும் பலாமரத்தடியில்தான் நிற்கிறது. சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு 'பைனான்ஸ்' என்று பேர் வந்ததுதான் மிச்சம். பிள்ளைகள்கூட 'பைனான்ஸ் அத்தை' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

போன வைகாசியில் எங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணம். பந்திக்குள் நான் நுழைந்தேன். "பைனான்ஸ் வருது, எலைய மடிங்கடா!" என்று யாரோ கத்த, ஒரு வரிசையே சிரித்தது. பெரிய மாமா மட்டும் சிரிக்கவில்லை. சோற்றில் வைத்த கையை எடுத்து, "எலையில வெச்சுக் கேக்காத கண்ணு, தாரேன்" என்று சொல்லி, இடது கையால் சட்டைப் பையைத் துழாவி எடுத்து நீட்டினார்.

நான் சாம்பார் ஊற்றத்தான் போயிருந்தேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.