வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாத வண்டி

வண்டி மூன்றாவது தடவையும் இருமிவிட்டு நின்றுபோனது.

சச்சிதானந்தன் இழுக்கிற கயிற்றின் பிடியைக் கையில் வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மஞ்சள் நிறம். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னால் சில்லுக்குப் பதிலாக அகலமான றப்பர்ப் பட்டி. பனிமலையில் பறக்கிற பந்தய ஸ்னோமொபைல், பனியே விழாத கிளேட்டன் புறநகரில் அவருடைய கராஜுக்குள் வந்து நின்று ஒரு கிழமைதான் ஆகியிருந்தது.

"ஏனப்பா, நோர்மன் என்ன சொல்லிப்போட்டுப் போனவர்?" குசினி வாசலில் நின்று கேட்டாள் சந்திரவதனா.

"கிழமைக்கு ஒருக்கால் ஸ்ராட் பண்ணிவிடச் சொன்னவர்."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை."

"அதுதான் மூண்டு தரம் பண்ணியாச்சே. வாங்கோ, சோறு ஆறுது."

அவ்வளவோடு எழுந்து போயிருக்கலாம். அதற்குப் பிறகு வந்த எட்டுக் கிழமையும் அவர் நினைத்து நினைத்து வருந்தியது இதைத்தான். கையைக் கழுவிவிட்டுப் போய்ச் சோற்றின் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். மனிதருக்கு இன்னொருவருக்கு நல்லது செய்கிற ஆசை வந்துவிட்டால், பாவம், பசிகூடத் தெரிவதில்லை.

நோர்மன் பக்கத்து வீட்டுக்காரர். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்ற அன்று, மனைவி டோரீனின் தம்பி கீத் கொண்டுவந்து இறக்கிய பரிசுதான் இந்த வண்டி. ஒவ்வொரு ஜூன் மாதமும் மகாராணியின் பிறந்தநாள் விடுமுறைக்கு அந்த நாட்டுப் பனிக்காலம் தொடங்கும்; கீத் வந்து அத்தானையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவான். 1977ஆம் ஆண்டு ஏப்ரலில் நோர்மனும் டோரீனும் இரண்டு மாதம் குயின்ஸ்லாந்து வெயிலில் இருந்துவிட்டு வரப் புறப்பட்டார்கள். புறப்படும்போது நோர்மன் வேலிக்கு மேலால் கேட்டார்.

"என் கராஜ் ஒழுகுகிறது, சாச். வண்டியை உன்னிடம் விட்டுவிட்டுப் போகட்டுமா?"

அந்தத் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். சச்சிதானந்தன் குடிவந்து மூன்று வருடம். ஹலோ சொல்வார்கள், தலையாட்டுவார்கள். ஆனால் ஒரு சுத்தியல்கூட அவரிடம் யாரும் இரவல் கேட்டதில்லை, அவரிடம் எதையும் நம்பி விட்டதுமில்லை. அன்று முழுவதும் அவர் வீட்டுக்குள் நிமிர்ந்து நடந்தார்.

"இருவத்திரண்டு வீடு இருக்க, எங்களை நம்பித் தந்திட்டுப் போறான் மனுசன்," என்றார்.

"ஓம், ஓம். அதுக்காக நெஞ்சை இப்பிடி நிமித்தினால் சேட்டுப் பொத்தான் பறக்கும்," என்றாள் சந்திரவதனா.

இப்போது அந்த வண்டி இருமுகிறது. மச்சான்காரன் கொடுத்த பரிசு வேறு; பழுதானால் குடும்பத்துக்குள் கதை வரும். எஞ்சினுக்குக் காற்றையும் பெற்றோலையும் கலந்து ஊட்டுகிற காபுரேற்றரைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார். இருமல் நின்றது. வண்டி நன்றாகவே ஓடியது. அங்கேயாவது விட்டிருக்கலாம்.

"இஞ்சேரும், டோரீன்ரை சட்டி ஏதனத்தை நீர் ஒருநாளாவது வெறுமனே திருப்பிக் குடுத்தனீரோ?" என்று கேட்டார்.

"சீச்சீ. அயலட்டை ஏதனத்தை ஆரும் வெறுமனே குடுப்பினமோ? ரெண்டு வடையாவது, ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் குடுக்கிறது."

"இதுவும் அயலட்டைச் சாமான்தானே. வந்தமாதிரியே திருப்பிக் குடுக்கிறதோ?"

"அப்ப அந்தச் சீற்றிலை நாலு வடையை வைச்சுக் குடுங்கோ. அதிலை கை வையாதேங்கோ, சொல்லிப்போட்டன்."

அவர் கை வைத்தார். அவருக்கு அரசாங்கத்தில் தண்ணீர்க் குழாய்களுக்குப் படம் வரைகிற வேலை. குழாயில் தண்ணீர் ஓடினால் என்ன, பெற்றோல் ஓடினால் என்ன என்பது அவருடைய எண்ணம். எஞ்சினுக்கு இரண்டு சிலிண்டர், காபுரேற்றரோ ஒன்றுதான். ஆளுக்கொரு காபுரேற்றர், அதுவும் பெரிதாகக் கொடுத்தால் வண்டி பறக்கும். பழைய சாமான் கடைகளில் இரண்டு சனிக்கிழமை அலைந்து ஒரு சோடி கொண்டுவந்து பூட்டினார்.

வண்டி பறக்கவில்லை. சீறிக்கொண்டு கிளம்பும், வேகம் எடுக்கப் போகும்போது விக்கி நிற்கும். இரண்டு பெரிய வாய்க்கு ஊட்ட, அதிலிருந்த சின்னப் பம்புக்குப் பலம் போதவில்லை.

வழக்கம்போல ஞாயிறு காலை நோர்மன் தொலைபேசியில் வந்தார்.

"வண்டி எப்படி, சாச்?"

"நன்றாக இருக்கிறது."

"ஏதாவது கோளாறு? கசிவு?"

"ஒரு துளி இல்லை."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"பாவம், வீட்டு நினைப்பு வந்திட்டுது போலை," என்றார் சச்சிதானந்தன் ரிசீவரை வைத்தபடி. பொய் சொன்ன வாய் கசந்தது.

அடுத்த கிழமை, நொறுங்கின காரொன்றிலிருந்து கழற்றிய மின்சாரப் பம்பைப் பூட்டினார். அது தள்ளின தள்ளலில் காபுரேற்றர் இரண்டும் பொங்கி வழிந்து பெற்றோல் கராஜ் தரையில் ஓடியது. மணம் குசினிவரை வந்தது. மூன்று நாள் சந்திரவதனா அடுப்புப் பற்ற வைக்கவில்லை. பாணும் வாழைப்பழமும்தான்.

"நாலு வடை சுட்டிருந்தால் இந்த வில்லங்கம் வந்திருக்குமே?" என்றாள் பாணைப் பிய்த்தபடி.

பழைய காபுரேற்றரைத் திரும்பப் பூட்டலாம் என்றால், அதைத்தான் சாமான் கடைக்காரனிடம் மாற்றாகக் கொடுத்திருந்தார். திரும்பிப் போக வழியில்லை.

எனவே வரதராஜனைக் கூட்டி வந்தார். வரதராஜன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற இளைஞன். எரிபொருள் எரிவதைப் பற்றித்தான் ஆராய்ச்சி. அது நிலக்கரி என்பதைச் சச்சிதானந்தன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பம்பைக் கொஞ்சம் அடக்கி வைப்பம் அண்ணை. அது சின்ன விசயம்," என்றான் வரதராஜன். "பெற்றோல் வாற இந்தப் பித்தளைத் துளை இருக்கெல்லோ, ஜெற், அதுதான் விசயம். குளிரிலை காத்து அடர்த்தி. அடர்த்தியான காத்துக்குப் பெற்றோல் கூட வேணும். கணக்குப் போட்டுத் தாறன்."

இரண்டு பக்கக் கணக்கு. கணக்கில் பிழையே இல்லை. மலையின் குளிருக்குப் பொருந்துகிற பெரிய ஜெற்றுகளைப் பூட்டி, கிளேட்டனின் இளவெயிலில் ஸ்ராட் பண்ணினார்கள்.

முதலில் வெள்ளைப் புகை. பிறகு நீலப் புகை. பிறகு தெருவையே காணவில்லை.

"எரியாத பெற்றோல்தான் அண்ணை புகையாப் போகுது. மலையிலை இப்பிடி வராது," என்று புகைக்குள் எங்கேயோ இருந்து வரதராஜன் சொன்னான்.

"நாங்கள் இப்ப மலையிலையே நிக்கிறம்?"

முன்வீட்டுப் பெண்மணி கூப்பிட்டுத் தீயணைப்பு வண்டி வந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாகத் தெருவிலிருந்த அத்தனை பேரும் அவருடைய வாசலில் நின்றார்கள்.

அயலில் யாரோ சொல்லி, செய்தி குயின்ஸ்லாந்துக்கும் போய்விட்டது. ஞாயிறுவரை பொறுக்காமல் அன்றைக்கே மணி அடித்தது.

"தீயணைப்பு வண்டி வந்ததாமே, சாச்! எரிந்துவிட்டதா?" நோர்மனின் குரல் நடுங்கியது.

"இல்லை, இல்லை! வெறும் புகை. வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை."

"ஒரு கீறல்கூட?"

"சத்தியமாக."

"நீ நல்ல மனிதன், சாச்," என்று மெல்லச் சொல்லிவிட்டு நோர்மன் வைத்துவிட்டார்.

சச்சிதானந்தனுக்குக் கண் கலங்கியது. "கேட்டீரே? எப்பிடிப் பதறிப்போனார் மனுசன். நான் அவரை ஏமாத்திக்கொண்டிருக்கிறன்."

"அப்ப உண்மையைச் சொல்லுங்கோவன்."

"சொல்லுறன். கொஞ்சம் சரிப்பண்ணிப்போட்டுச் சொல்லுறன்."

சின்ன ஜெற்றுகளைப் பூட்டினார். புகை போகட்டும் என்று கராஜின் பின்கதவைத் திறந்துவைத்திருந்தார். கயிற்றை இழுத்ததும் ஒரு காபுரேற்றரின் உள்வால்வு முழுதாகத் திறந்தபடி இறுகிக்கொண்டது. எஞ்சின் அலறியது. வண்டி ஒரு துள்ளுத் துள்ளித் தன்பாட்டில் பின்வளவுக்குள் பாய்ந்தது. அவர் பின்னால் ஓடினார். புல்லைக் கிழித்துக்கொண்டு போய், உடுப்புக்கொடியை அடியோடு சாய்த்து, சந்திரவதனாவின் மாம்பழ நிற நைலெக்ஸ் சேலையை றப்பர்ப் பட்டி உள்ளே சுருட்டி இழுத்துக்கொண்டபிறகுதான் மூச்சு முட்டி நின்றது.

சந்திரவதனா வெளியே வந்தாள். ஆறு யார் நீளச் சேலையில் அரை யார்தான் வெளியே தெரிந்தது.

அவள் திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிறு அவர் முடிவோடு தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளையார் படத்துக்கும் ஒரு சொல் சொல்லிவைத்திருந்தார்.

"நோர்மன், உங்களிடம் ஒரு உண்மை சொல்ல வேண்டும். உங்கள் வண்டி..."

"என்ன? வண்டிக்கு என்ன? சொல், சாச், சொல்!"

அவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு வாயைத் திறக்கவும், நோர்மன் தெருத் தொலைபேசிப் பெட்டிக்குள் போட்ட காசு முடிந்து லைன் அறுந்தது.

விடுமுறைக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. இனி யாரையும் கேட்பதில்லை என்று சச்சிதானந்தன் கராஜுக்குள் சாக்கு விரித்து உட்கார்ந்தார். மின்சாரப் பம்பைக் கழற்றி எறிந்தார். பழைய பம்பைப் போலவே இன்னொன்று தேடிப் பிடித்துக் காபுரேற்றருக்கு ஒன்றாகப் பூட்டினார். குழாய்களைக் குறுக்கினார். ஜெற்றுகளை ஒவ்வொரு அளவாக மாற்றி, பொறி தட்டுகிற பிளக்கின் நிறம் கறுப்பா, வெள்ளையா, மண்ணிறமா என்று பார்த்துப் பார்த்துப் பூட்டினார். கடைசியில் இரண்டு காபுரேற்றரும் ஒரேயளவு காற்றை இழுக்கவேண்டும்; அதற்கு ஒரு றப்பர்க் குழாயின் ஒரு நுனியைக் காபுரேற்றர் வாயிலும் மற்ற நுனியைக் காதிலும் வைத்துக் கேட்கவேண்டும். ஒரு ஆள் போதாது.

சேலைக்காகப் பன்னிரண்டு நாளாக முகம் கொடுக்காத சந்திரவதனா வந்து பக்கத்தில் குந்தினாள். குழாயை வாங்கிக் காதில் வைத்தாள்.

"இது மூச்சு விடுது. மற்றது குறட்டை விடுது," என்றாள்.

அவர் திருகாணியை ஒரு மயிரிழை திருப்பினார்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்... ஆ, நில்லுங்கோ. இப்ப ரெண்டும் ஒண்டு."

புகையில்லை, இருமலில்லை. கைப்பிடியைத் தொட்டால் போதும், வண்டி கும்மென்று எழுந்தது. புருசனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை நோர்மன் வெயிலில் சிவந்துபோய் வந்தார். சச்சிதானந்தன் வண்டியைத் துடைத்து முன்னுக்குக் கொண்டுவந்து வைத்து, நடந்த அவ்வளவையும் ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பிறகு ஸ்ராட் பண்ணிக் காட்டினார். நோர்மன் வண்டியை ஒரு தடவை சுற்றிவந்தார். குனிந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டார்.

"முன்னதைவிட இரண்டு மடங்கு பலம்," என்றார் சச்சிதானந்தன்.

"இரண்டு மடங்கா?"

"குறையாது."

"கீத் சந்தோஷப்படுவான்," என்று சொல்லி நோர்மன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை குளிர்ந்திருந்தது. பிறகு வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்றைக்கு முழுதும் சச்சிதானந்தனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "கோவம்தான். வாய்விட்டுச் சொல்லேல்லை. ஒரே ஒரு மனுசன் நம்பித் தந்தவன்."

சனி காலை கீத் வந்தான். கைப்பிடியைத் திருகிப் பார்த்து, "அடேயப்பா! போன வருஷம் பாதி மலையில் நின்றுபோனது. இந்த முறை உச்சிதான், நோர்ம்!" என்று துள்ளினான். வண்டியை ஏற்றிக் கட்டினான். நோர்மன் காதுவரை இழுத்த கம்பளித் தொப்பியோடு காரின் முன்சீற்றில் ஏறி உட்கார்ந்தார். கார் திரும்பும்போது கண்ணாடிக்குள்ளால் சச்சிதானந்தனை ஒரு பார்வை பார்த்தார். அப்படியொரு துயரமான பார்வையை அவர் இதற்குமுன் எந்த வெள்ளைக்காரர் முகத்திலும் கண்டதில்லை.

டோரீன் வேலியோரம் நின்று கையசைத்துக்கொண்டிருந்தாள்.

"டோரீன், அவருடைய நம்பிக்கையை நான் கெடுத்துவிட்டேனா?" என்று கேட்டார் அவர். "என்னில் கோபமா?"

டோரீன் கார் மறைந்த மூலையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அந்த மலையை நினைத்தாலே அவருக்கு நடுங்கும், சாச். இந்தத் தெருவில் பனியையே கண்டிராத ஒரே ஆள் நீங்கள்தான், நிச்சயமாகப் பழுதாக்கித் தருவீர்கள் என்று நம்பித்தான் உங்களிடம் விட்டுவிட்டுப் போனார்."