மூன்றாம் தடவை, தேர்வு மண்டபத்துக்கு எதிரே

14 ஜூன் 2025, சனிக்கிழமை, காலை மணி 8.21. மின்வேலைக்கான சார்ஜ்மேன் லைசன்ஸ் தேர்வுக்குப் பெயர் கொடுத்தது மூன்று தடவை. உட்கார்ந்து எழுதியது பூஜ்யம்.

அன்புள்ள மாதவி அக்காவுக்கு,

தம்பி ஜீவன் எழுதுவது. நீயும் மாமாவும் நலமா என்று கேட்க மாட்டேன்; நேற்றுதான் கிள்ளானில் உன் வீட்டில் சாப்பிட்டேன், இரண்டு பேரும் நலமாகத்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன்.

அம்பாங்கில், மண்டபத்துக்கு எதிர் டீக்கடையில் இருக்கிறேன். ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். இந்தத் தடவை ஒரு கோளாறும் இல்லை, அதுதான் உதறல். முதல் தடவை, பக்கத்து வீட்டு இராஜம்மா ஆன்டியின் வாஷிங் மெஷினால் எழுத முடியலைன்னு சொன்னேன் இல்லையா, அவங்க பாவம், "அவசரமில்லை தம்பி, பரீட்சை முடிச்சிட்டு வா"ன்னுதான் சொன்னாங்க, நான்தான் பரீட்சையன்னிக்குக் காலை ஏழு மணிக்கே போய் நின்னு கழட்டிப் போட்டேன், திரும்ப மாட்ட மத்தியானம் ஆச்சு, இன்னிக்கும் ஒழுகுது. ரெண்டாவது தடவை ஐ.சி. தொலைஞ்சிடுச்சு, அடையாள அட்டை இல்லாம உள்ளே விட மாட்டாங்கன்னு சொன்னேன். தொலையலை. முந்தின நாள் பிரிக்பீல்ட்ஸ் கொண்டோ அடுக்குமாடி ஒண்ணுல லிஃப்ட் ரிப்பேர் பார்க்கப் போனேன், வழக்கம்போல ஐ.சி.யை வாசல் காவலர்கிட்ட கொடுத்துட்டு விசிட்டர் அட்டையை மாட்டிக்கிட்டேன், வேலை முடிஞ்சு மோட்டார் சைக்கிள்ல கிளம்புறப்போ மனுஷன் பின்னாலேயே ஓடி வந்தார், "அண்ணே! ஐ.சி.! ஐ.சி.!" கேட்டுச்சு அக்கா. கையைக் காட்டிட்டு வந்துட்டேன்.

என்னிடம் வேலை பழகிய ஷெர்லி, என் நோட்ஸைப் படித்தே போன வருஷம் பாஸ் பண்ணிவிட்டாள். லைசன்ஸ் இருந்தால்தான் சூப்பர்வைசர் வேலை. இன்று எழுதினால் ரிசல்ட் வரும்வரை முதலாளி பொறுப்பார்; இன்றும் எழுதாவிட்டால் திங்கட்கிழமை முதல் அவளிடம்தான் நான் லீவு கேட்க வேண்டும். நேற்று சொல்கிறாள்: "எழுதாம இருக்கிறவரைக்கும் நீங்க ஃபெயிலே ஆக மாட்டீங்க லா அண்ணே. நல்ல டெக்னிக்." ஒரு லிஃப்ட் திரும்பத் திரும்ப ஒரே மாடியில் நின்றால் நான் மாடியைக் குறை சொல்ல மாட்டேன். எழுதி, தோற்று, அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயம். அவ்வளவுதான்.

மாமாவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பு. மணி 8.46. இனி செய்யப் போவது:

1. போனை அணைப்பேன்.

2. டீ மிச்சமிருந்தாலும் எழுந்து ரோட்டைத் தாண்டுவேன்.

3. இந்தக் கடிதத்தை மண்டப வாசலில் கொடுப்பேன். கைவசம் வேறு தாள் இல்லாமல் தேர்வு நுழைவுச் சீட்டின் பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கிறேன். வாங்கிக்கொண்டால் திருப்பித் தர மாட்டார்கள்.

4. ஆகவே, இது உன் கைக்கு வந்து சேர்ந்தால், அக்கா, நான் உள்ளே போகவில்லை.