அத்தானின் படகும் நான் பூட்டிய செப்புக் கட்டிகளும்

சேன்யாத் தீவு,
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு.

அன்பும் மரியாதையும் மிக்க ஹால்வார் அத்தானுக்கு, மைத்துனன் ஓட்பியோர்ன் எழுதுவது. நானும் குன்வோரும் நலம். அக்காவின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். உங்கள் படகும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

கோடைக்கு ஓட்டிக்கொள் என்று நீங்கள் கொடுத்த அந்த அலுமினியப் படகைக் கவிழ்த்துப் பார்த்தேன் அத்தான், அடியில் திருகியிருந்த துத்தநாகக் கட்டிகள் எலி கடித்த பாலாடைக்கட்டி மாதிரி இருந்தன, அத்தான் படகுக்கு இந்த அசிங்கமா என்று மனசு கேட்கவில்லை, கழற்றி எறிந்துவிட்டுப் பளபளவென்று இரண்டு செப்புக் கட்டிகளைப் பூட்டினேன். செம்பு லேசில் அரிக்காது பாருங்கள். கோடை முழுக்க ராஜா மாதிரி இருந்தது. நேற்று முன்தினம் நடுக்கடலில் எஞ்சினை நிறுத்தித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தோம்.

"யோவ், என் காபிக் குடுவை மிதக்குது," என்றாள் குன்வோர்.

குடுவை மட்டுமா, என் செருப்பும் மிதந்தது. நல்லவேளை, பக்கத்து வீட்டு தூர்மூட் தன் படகில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டார். உங்கள் படகைக் கயிறு கட்டி இழுத்தோம். அது துறைமுக வாசல்வரை வந்து, அங்கேயே கடலடியில் உட்கார்ந்துவிட்டது.

குன்வோர் பள்ளியில் வேதியியல் நடத்தியவள் அல்லவா, கம்பளியைப் போர்த்திக்கொண்டே வகுப்பெடுத்தாள். "துத்தநாகம் அரிச்சுப்போறதுக்குன்னே வச்சதுய்யா! உப்புத் தண்ணியில ரெண்டு உலோகம் ஒட்டிக்கிட்டு நின்னா, இளகின மனசுக்காரன் கரைவான், அழுத்தக்காரன் தப்பிச்சுக்குவான். துத்தநாகம் தான் கரைஞ்சு அலுமினியத்தைக் காப்பாத்துச்சு. நீ செம்பைக் கொண்டாந்து ஒட்டினதும், அலுமினியம் இளிச்சவாய் ஆயிடுச்சு."

"உங்க வீட்ல யாரு துத்தநாகம்?" என்று கேட்டார் தூர்மூட்.

"என்னைப் பார்த்தா தெரியல? இந்த மனுஷன் செம்பு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு கீறல் இல்ல."

ஆகவே அத்தான், குற்றம் உலோகங்களின் குணத்தில் இருக்கிறதே தவிர என்மேல் இல்லை. புதுத் துத்தநாகக் கட்டிகள் வாங்கிவிட்டேன். பூட்டப் படகுதான் வேண்டும். அக்காவுக்கு என் அன்பு. வரும் குளிர்காலம் உங்கள் இருவருக்கும் கதகதப்பாகக் கழியட்டும்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
ஓட்பியோர்ன்

பி.கு.: சற்றுமுன் படகைத் தூக்கினார்கள். அடியில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் உண்டு. அரித்து விழுந்த ஓட்டை ஒன்றுகூட இல்லை, குன்வோர் தடவிப் பார்த்துவிட்டாள். மழைத் தண்ணீரை வடிக்க அன்று காலை கரையில் வைத்து நான் பின்பக்க வடிகால் துளையிலிருந்து கழற்றிய அடைப்பான், இன்னும் என் கோட்டுப் பையில் இருக்கிறது. படகு ஓடும்வரை அந்தத் துளையில் தண்ணீர் ஏறாதாம், நின்றால்தான் ஏறுமாம். உலோகங்களைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் சரிதானாம். படகு மூழ்கியதற்கும் அதற்கும்தான் சம்பந்தமில்லையாம்.