பெயர் நனையாத பலகை

பழவேற்காட்டுக் கரையில் வீசுவது பெரும்பாலும் இலேசான காற்று. அரசுக்குத் தெரியாமலே அது நெடுங்காலமாக வீசிக்கொண்டிருந்தது. பக்கத்து மாவட்டம் ஒன்றில் பலூன் திருவிழா நடத்தி, அதிகாரிகள் கூடைக்குள் நின்று கையசைத்த படம் எல்லார் செல்போனிலும் வந்த பிறகுதான், நம் மாவட்டத்துக்கும் சொந்தமாகக் காற்று உண்டு என்பது மேலிடத்தின் கனிவான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. உடனே குழு அமைத்தார்கள். காற்று அடிக்காத நாள் உண்டு. குழுவுக்கு ஆள் கிடைக்காத நாள் நம் ஊரில் கிடையாது.

குழுவின் பெயர், மாவட்டக் காற்றுசார் நீர் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒருங்கிணைப்புக் குழு. உறுப்பினர் செயலர் ராஜமாணிக்கம், கடலைப் பார்த்தால் தலைசுற்றும் என்று மருத்துவச் சான்று வாங்கி வைத்திருப்பவர். தொழில்நுட்ப உறுப்பினர் அருணா, பாலம் கட்டும் பிரிவில் பொறியாளர். தண்ணீருக்கு மேல் இருப்பதெல்லாம் பாலத்தின் இனம் என்று கருதி அவரைச் சேர்த்திருந்தார்கள். நன்கொடையாளர் உறுப்பினர் துளசிராமன், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் மேலாளர்.

துளசிராமன் இதில் வந்து மாட்டியதற்குத் தனிக் காரணம் உண்டு. தொழிலாளர்களிடம் ஒற்றுமை வளர்க்க வேண்டும் என்று இப்போது கம்பெனிகளுக்குள் ஒரு மோகம் பரவியிருக்கிறது. சம்பளம் கூட்டினால் வளராத ஒற்றுமை கடற்கரைக்குக் கூட்டிப்போனால் வளருமாம். அப்படிக் கூட்டிப்போன இடத்தில் ஸ்டீவன் என்ற பயிற்சியாளர் கைட்போர்டிங் சொல்லிக்கொடுத்தார். பெரிய பட்டத்தைக் காற்றில் ஏற்றி, அதன் கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு, காலில் ஒரு பலகையோடு தண்ணீர்மேல் வழுக்கிப் போகிற விளையாட்டு அது. அதிகாரிகள் வரிசையாகத் தண்ணீரில் விழுந்தார்கள். எழுந்து நின்று போனது ஏஞ்சல் ஒருத்திதான்.

ஏஞ்சல் அந்தக் கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. அவள் சேர்ந்த பிறகு காண்ட்ராக்டர்கள் பலர் மாறிவிட்டார்கள், அவள் காண்ட்ராக்ட் மட்டும் மாறவில்லை. காலையில் கேட்டில் அடையாள அட்டையைக் காட்டும்போதெல்லாம் இன்றைக்கு உள்ளே விடுவார்களா என்று வாட்ச்மேன் முகத்தையே பார்ப்பாள். வீட்டில் அம்மா ரோசம்மாள் ஒவ்வொரு ஞாயிறும் மாதாவிடம் வைக்கும் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். பிள்ளைக்கு வேலை பர்மனென்ட் ஆகவேண்டும்.

அன்றைக்கு உற்சாகத்தில் துளசிராமன் மைக்கைப் பிடித்து, "நம்ம கம்பெனி சார்பா பந்தயத்துல யார் ஜெயிச்சாலும் அன்னைக்கே பர்மனென்ட்!" என்று முழங்கிவிட்டார். சுற்றி நின்ற எல்லாரும் அதைப் படம் பிடித்துவிட்டார்கள். மனிதன் மைக்கில் சொன்னதை மறந்துவிடலாம், செல்போன் மறக்காது. தொடக்கநிலை ஓட்டிகளுக்கான பந்தயம் ஒன்றைக் குழுவும் அந்தக் கரையிலேயே அறிவித்தது.

பட்டத்தை ஸ்டீவன் இரவல் தருவார், ஏஞ்சலிடம் பலகைதான் இல்லை. ஸ்டீவனிடம் இருந்ததெல்லாம் பலத்த காற்றுக்கான சின்னப் பலகைகள்.

"காத்து கம்மியா இருந்தா சின்ன போர்டு முழுகிக்கும்மா," என்றார் ஸ்டீவன். "ஒனக்கு அகலமா, பெருசா, அடி தட்டையா ஒண்ணு வேணும். கொஞ்சூண்டு காத்துலயே தண்ணி மேல ஏறி நிக்கும். சும்மா ஜாலியா சுத்தறதுக்கும் அதான் தோது, புச்சா ரேஸு போறவங்களுக்கும் அதான் தோது."

ஏஞ்சல் குழுவுக்கு மனு கொடுத்தாள். பலகைக்கான நன்கொடையைக் கம்பெனி தருவதாகவும், பலகையைக் குழு தேர்வு செய்வதாகவும் முடிவாயிற்று. விளையாடப் போகிறவளிடமே தேர்வை விட்டுவிட்டால் குழுவுக்கு என்ன வேலை?

தேர்வுக் கூட்டம் நடந்தது. ஸ்டீவன் கடையொன்றிலிருந்து மூன்று மாதிரிப் பலகைகளைக் கொண்டுவந்து மேஜைமேல் பரப்பினார். காற்றின் வேகம், ஓட்டுகிறவரின் எடை, பலகையின் வளைவு என்று அவர் விளக்கத் தொடங்கியதும் ராஜமாணிக்கம் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதெல்லாம் அப்புறம். இதுல பேரு எழுத எவ்ளோ எடம் இருக்குது?"

இந்தக் கேள்வியை வெளியூர்க்காரர்கள் தவறாக நினைக்கக்கூடாது. நம் பக்கத்தில் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அதன்மேல் உபயம் என்று பெயர் எழுதியே கொடுப்போம். கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் குடும்பம் முழுவதும் இருக்கும், எழுத்துக்கு நடுவில் சந்து கிடைத்தால் வெளிச்சமும் வரும். பெயர் எழுத முடியாத பொருளைக் கொடுப்பது கிட்டத்தட்டத் திருட்டுக் கொடுத்த மாதிரி.

"நல்லா இருக்குது சார் எடம்," என்றார் ஸ்டீவன், எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரியாமல்.

முதலில் அடியில் நீண்ட இறக்கை வைத்த பலகை பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

"இது வேகம் வந்தா தண்ணிய உட்டு மேல எழும்பிக்கும் சார். அந்தரத்துல போவும்."

ராஜமாணிக்கத்தின் முகம் மலர்ந்தது. "அப்போ பேரு நனையாது!"

"ஆனா புச்சா ஓட்றவங்க உழுந்துக்கினே இருப்பாங்க சார். அடியில இருக்கறது கத்தி மாரி. அது மேல உழுந்தா ஆளு பேஜாராயிடும்."

அருணா ஆழ்ந்து யோசித்தார். "உழுந்துக்கினே இருந்தா, பேரும் நனைஞ்சிக்கினே இருக்குமே சார்?"

இந்த ஆபத்தைக் கருத்தில் கொண்டு இறக்கைப் பலகை நிராகரிக்கப்பட்டது.

அடுத்தது மூக்கும் வாலும் வைத்த பந்தயப் பலகை. "இதுல திரும்பும்போது காலை மாத்தி மாத்தி வைக்கணும் சார்," என்றார் ஸ்டீவன்.

அருணா நிமிர்ந்தார். "காலை எங்க வைப்பாங்க?"

"பலகை மேலதான் மேடம்."

"பேரு எங்க இருக்கும்?"

"அதுவும் பலகை மேல..."

குழு பலகையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. அடிப்பக்கம் எழுதினால் பெயர் தண்ணீரில் மூழ்கும். மேல்பக்கம் எழுதினால் கால் படும். காலிடறி ஒரு புத்தகத்தின்மேல் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர் நம்முடையது. இதுவோ மேலதிகாரிகளின் பெயர்.

"கடைசியா இருக்கறதுல எப்பிடி?" என்று ராஜமாணிக்கம் மெதுவாகக் கேட்டார்.

"அது ரெண்டு முனையும் ஒரே மாரி இருக்கும் சார். இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் காலு மாத்தவே வேணாம். ரெண்டு வார் இருக்குது, அதுல காலை சொருகிக்கினா எடுக்கவே வேணாம்."

"ஆக, கால் அந்த ரெண்டு எடத்த உட்டு நகராது?"

"நகராது சார்."

"நடுவுல எவ்ளோ எழுதினாலும் மிதி படாது?"

"படாது சார்."

"இருக்கறதுலயே பெருசு எது?"

"கதவு சைஸுல ஒண்ணு வருது. அது கனமான ஆளுங்களுக்கு. ஏஞ்சலு ஒல்லி, அதுக்கு ஒரு சைஸ் கம்மியே..."

"கதவே வரட்டும்," என்றார் துளசிராமன். "எங்க டைரக்டருங்க எத்தினி பேரு இருக்காங்க நைனா!"

இப்படியாக, இலேசான காற்றுக்கு ஏற்ற, அகலமான, தட்டையான, புதிதாகப் பந்தயத்துக்குப் போகிறவர் காலை மாற்றத் தேவையில்லாத பலகை ஒருமனதாகத் தேர்வு செய்யப்பட்டது. உலகத்தில் எந்த நிபுணரைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். நம் நிர்வாகத்தை ஒரேயடியாகக் குறை சொல்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பாதை எப்படியிருந்தாலும் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. ஏஞ்சலுக்கு சந்தோஷத்தில் அழுகையே வந்தது.

பலகை வந்து, பெயின்டரிடம் போய், பெயர்களோடு திரும்பி வந்தது. தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, வரவேற்புரை என்று கல்யாணப் பத்திரிகை தோற்றது. வாருக்குக் கீழே கால் வைக்கும் இரண்டு மெத்தைகள் மட்டும் வெறுமையாக இருந்தன.

"இப்பிடி காலியா உட்டா, எடத்தை ஏன் வீணாக்கினேன்னு தணிக்கையில கேப்பாங்க," என்றார் ராஜமாணிக்கம். "ஏதாவது பேரு போட்டே ஆவணும்."

"கால் படுமே சார்?"

"கால் பட்டா கோச்சிக்காத பேரா பாருங்க."

குழு தேடியது. கடைநிலை ஊழியர்கள் வரை யோசித்துப் பார்த்தார்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. கடைசியில் அருணாவுக்குத்தான் பொறி தட்டியது.

"பொதுமக்கள்னு போட்டுடலாம் சார்."

எவரும் ஆட்சேபிக்கவில்லை. இரண்டு மெத்தையிலும், இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று என, கொட்டை எழுத்தில் பொதுமக்கள் என்று எழுதப்பட்டது.

பொதுமக்கள் கோபப்படுவார்களோ என்று ஸ்டீவனுக்கு மட்டும் பயம் இருந்தது. பந்தயத்தன்று பலகையைக் கரையில் பார்வைக்கு வைத்தார்கள். எளாவூரிலிருந்தும் வள்ளூரிலிருந்தும் வேன் பிடித்து வந்திருந்த கூட்டம் சுற்றி நின்று பார்த்தது. "டேய், நம்ம பேரும் போட்டுக்கிறாங்கடா! அதுவும் ரெண்டு தபா!" என்று ஒருவர் கத்தினார். பிறகு மெத்தைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. கோபம் வந்தது ஒருவருக்குத்தான், அவரை வரிசையில் முந்திவிட்டார்கள்.

போட்டிக்குச் சென்னையிலிருந்து வந்திருந்தவர்கள் கூலிங்கிளாஸுக்குப் பொருத்தமான நிறத்தில் பலகை வாங்கியிருந்தார்கள். இந்த ஆண்டு சின்னப் பலகைதான் நாகரிகம் என்று யாரோ இணையத்தில் சொல்லியிருந்தார்களாம். அதைக் காற்றுக்கு யாரும் சொல்லவில்லை. கொடி அசைந்ததும் அவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நாகரிகமாக நின்றார்கள். ஏஞ்சலின் கதவு மட்டும் மெல்லத் தண்ணீர்மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போயிற்று. பெயர் எதையாவது மிதிக்கிறாளா என்று ராஜமாணிக்கம் கரையிலிருந்து பைனாகுலரில் கண்காணித்தார். அவள் பொதுமக்களைத் தவிர யாரையும் மிதிக்கவில்லை. போகும்போதும் மிதித்தாள், திரும்பும்போதும் மிதித்தாள், முதலாவதாக வந்து சேர்ந்தாள். ரோசம்மாள் மணலில் முழங்கால் போட்டுவிட்டார்.

பரிசளிப்பு மேடையில் பலகையில் இருந்த பெயர்கள் அனைத்தும் உட்கார்ந்திருந்தன. வெற்றிச் சான்றிதழை ராஜமாணிக்கம் உரக்க வாசித்தார்.

"முதலிடம், பொதுமக்கள்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. ஏஞ்சல் மேடைக்கு அருகே ஓடினாள். "சார், ஓட்னது நான் சார்!"

"யாரும்மா இல்லன்னாங்க?" ராஜமாணிக்கம் பரிவாகவே பேசினார். "ஆனா திட்டத்துல ஒப்புதல் வாங்கின பேரைத்தான் சான்றிதழ்ல போட முடியும். ஒப்புதல் வாங்கினது பலகையில இருக்கற பேருங்கதான். உன் பேரு அதுல எங்க இருக்குது?"

"நான்தான சார் மேல நின்னேன்?"

"எந்தப் பேரு மேல நின்ன?"

ஏஞ்சல் திரும்பிப் பலகையின் மெத்தையைப் பார்த்தாள்.

"அதான். ஜெயிக்கும்போது காலுக்குக் கீழ யாரு இருந்தாங்களோ அவுங்க பேருதான் வரும். நீயும் பொதுமக்கள்ல ஒருத்திதானேம்மா? அதுல நீயும் அடக்கம்."

அவள் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு துளசிராமனிடம் ஓடினாள். அவர் அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். மைக்கில் சொன்ன வார்த்தையிலிருந்து அவர் அணுவளவும் பின்வாங்கவில்லை.

"யார் ஜெயிச்சாலும் பர்மனென்ட்னு சொன்னேன், இப்பவும் சொல்றேன். ஆனா ஜெயிச்சது பொதுமக்கள்னு போட்டுக்கிதே. பொதுமக்களை எப்பிடிம்மா பர்மனென்ட் பண்றது? அவ்ளோ பேருக்கு எங்ககிட்ட எடம் ஏது?"

ஏஞ்சலின் கண்ணில் நீர் முட்டியது. அதற்குள் பட்டாசு வெடிக்கத் தொடங்கிவிட்டதால் அவள் அதற்குமேல் என்ன கேட்டாள் என்பது யார் காதிலும் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டியில் வெற்றி ஊர்வலம் நடந்தது. வழியெல்லாம் பேனர். "பந்தயத்தில் முதலிடம் பிடித்து மாவட்டத்துக்குப் பெருமை சேர்த்த பொதுமக்களை வாழ்த்தி வணங்குகிறோம். இவண், பொதுமக்கள்." பலகையை மாலை போட்டு வண்டியில் ஏற்றி முன்னால் விட்டார்கள். அது இனித் தண்ணீரில் இறங்காது என்றும், பெயர்களின் பாதுகாப்பை முன்னிட்டு அலுவலகச் சுவரில் மாட்டப்படும் என்றும் ராஜமாணிக்கம் அறிவித்தபோது பலத்த கைதட்டல் எழுந்தது.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் ஏஞ்சல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளோடு அதே பிரிவில் வேலை செய்யும் முத்தம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் பட்டாசு சுட்ட காயத்துக்கு மஞ்சள் பூசியிருந்தது.

"இன்னாடி ஏஞ்சலு, நேத்து ஊர்கோலத்துல ஆளையே காணோம்?"

"வரலக்கா."

"ஏன்? ஊரே ஜெயிச்சிக்கிது, நீ இன்னாடான்னா மூஞ்ச தூக்கி வச்சிக்கினு ஒக்காந்துக்கினுக்கிற!"

"எனக்கு வேலை பர்மனென்ட் ஆவலக்கா. நாந்தான ஓட்னேன்?"

முன்சீட்டில் இருந்தவர் திரும்பினார். "நான் ஓட்னேன், நான் ஓட்னேன்னு! நாங்க கரையில நின்னு தொண்டை கிழிய கத்தலியா? அல்லாரும் சேந்து ஜெயிச்சத ஒருத்தி சொந்தங்கொண்டாடலாமா?"

பஸ் முழுவதும் அதை ஆமோதித்தது. ஏஞ்சல் நல்ல பெண்தான், கொஞ்சம் சுயநலம் ஜாஸ்தி என்று பின்சீட்டில் பேசிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் விட்டுக்கொடுக்கிற மனசுள்ள வேறு யாரையாவது பலகையில் நிற்க வைக்க வேண்டும் என்றும் அங்கேயே முடிவாயிற்று. வெற்றியைப் பற்றிய பேச்சு முடிவதற்குள் கம்பெனி வந்துவிட்டது. பொதுமக்கள் இறங்கி, அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, காண்ட்ராக்ட் ஆட்களுக்கான வரிசையில் போய் நின்றார்கள்.