மூன்று சிலிண்டரில் அப்புத்தளை

வைரவநாதன் தீர்மானித்துவிட்டார். லொறிக்குப் புது இஞ்சின் போட்டே தீருவது.

அப்புத்தளை மலைக்குக் கீழே, பெரகலச் சந்தியில் அவருக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளை அப்புத்தளை ஸ்டேஷனில் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு லொறியும் இருந்தது. பதுளைக்கு ரயில் வந்தே இரண்டு வருடம்தான். லொறி அதைவிட ஐந்து வருடம் மூத்தது. அறுபதாயிரம் மைல் ஓடிய இஞ்சின். பெட்ரோல் குடித்தது, எண்ணெய் குடித்தது, வழியில் காணும் ஓடைகளில் எல்லாம் தண்ணீரும் குடித்தது. அது கக்கிய புகைக்கு அப்புத்தளை மூடுபனியே ஒதுங்கி வழிவிட்டது.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பண்டாரவளை வீரசிங்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. புது லொறி வாங்கிய அந்த மனிதர், ஏற்றத்தில் இவரைத் தாண்டும்போதெல்லாம் ஹோர்னையும் அமுக்கினார், தொப்பியையும் தூக்கினார்.

ஆனால் வீட்டில் சட்டம் இயற்றுபவள் தனலெட்சுமி. தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், இஞ்சின் ஓட்டியவரின் மகள். மற்றப் பிள்ளைகள் தாலாட்டுக் கேட்டுத் தூங்கிய வயதில் அவள் ஸ்டோர் இஞ்சின் சத்தத்தைக் கேட்டுத் தூங்கியவள்.

"தனம், புது இஞ்சின் வாங்கணும்."

"இஞ்சி வாங்கவே நாலு கடை ஏறி எறங்குற ஆளு, இஞ்சின் வாங்க இம்புட்டு அவசரப்படுறீங்க?"

"அது செத்துக்கிட்டிருக்குடி!"

"பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்கும். மாத்தினா ஓடும்."

"எத்தனை நாளைக்கு?"

"சரி, வெள்ளிக்கிழமை நானும் லொறியில வாறேன். ஏறுதா இல்லையான்னு என் கண்ணால பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

வைரவநாதனுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். வெள்ளிக்கிழமை காலை, அவள் சேலை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் லொறியின் இஞ்சின் மூடியைத் திறந்து, நாலு சிலிண்டருக்கான நாலு பிளக் வயரில் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்.

டிரைவர் லூக்காஸ் பதறிப்போனார். "மொதலாளி, வேணாங்க. ஒரு வாரம் பொறுத்துப் பாருங்களேன்."

"ஒரு வாரத்துல என்ன பொன்மழையா கொட்டப்போகுது? நீ வாயத் தொறக்காத."

"மூணு சிலிண்டர்லயே ஏறித் தொலச்சிட்டா?"

"நாலுலயே முக்குது, மூணுல எப்படி ஏறும்? மொத வளைவுலயே படுத்துரும்."

தனலெட்சுமி லூக்காஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். லொறி உடம்பெல்லாம் உதறிக்கொண்டு கிளம்பியது. முதல் வளைவு வந்தது. லொறி இருமியது, விக்கியது, ஏறியது. இரண்டாவது வளைவிலும் ஏறியது. வைரவநாதன் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து முருகனை வேண்டிக்கொண்டார்: நின்றுவிட வேண்டும், இந்த வளைவிலாவது நின்றுவிட வேண்டும்.

நான்காவது மைலில் முருகன் செவிசாய்ப்பது போலிருந்தது. லொறி நத்தையாக ஊர்ந்தது. தனலெட்சுமி வெளியே தலையை நீட்டினாள்.

"ஏங்க, பாரம் தாங்கலை. எறங்கித் தள்ளுங்க!"

"நானா?"

"பின்ன, நானா?"

கறுப்புக் கோட்டும் சரிகை வேட்டியுமாக அவர் தள்ளினார். தாம் நிறுத்தப் பார்த்த லொறியைத் தாமே மலையேற்றினார். கொழுந்துக் கூடையோடு வந்த பெண்கள் நின்று சிரித்தார்கள். பின்னாலேயே வந்த வீரசிங்கம், தாண்டும்போது தொப்பியைத் தூக்கியதோடு நிறுத்தவில்லை. "ஒரு கை குடுக்கட்டுமா?" என்றும் கேட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் லொறி அப்புத்தளை ஸ்டேஷன் வாசலில் போய் நின்றது. வைரவநாதனுக்கு மூச்சு வாங்கினாலும் வெற்றியில் முகம் மலர்ந்தது.

"பாத்தியா தனம்? மனுசன் தள்ளி லொறி ஏறுது! இதுக்கு மேலயும் ரிங்கு கிங்குன்னு சொல்லுவியா?"

அவள் இறங்கி வந்து இஞ்சின் மூடியைத் திறந்தாள். தொங்கிய வயரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். மாட்டினாள். "லூக்காஸு, ஸ்டார்ட் பண்ணுங்க."

இஞ்சின் ஸ்டோர் இஞ்சினைப் போலச் சீராக ஓடியது.

"அடேயப்பா!" என்றாள் தனலெட்சுமி. "பாதித் தேயிலைத் தோட்டத்தையே ஏத்திக்கிட்டு மூணே சிலிண்டர்ல மலையேறியிருக்கு. தங்கமான இஞ்சினுங்க. நாந்தான் தப்பா நெனச்சிட்டேன்."

"என்ன தப்பா நெனச்ச?"

"நீங்க ஆசப்பட்டுக் கேட்டீங்களே, பாவமா இருந்திச்சு. மறுநாளே, போன திங்கக்கிழமை, லூக்காஸ விட்டுக் கொழும்புக் கம்பெனிக்குத் தமிழ்லயே கடுதாசி போட்டேன். புது இஞ்சினை நாளைக்கு ரயில்ல ஏத்துறாங்க. வந்து எறங்கினப்புறம் உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

வைரவநாதன் லூக்காஸை முறைத்தார். லூக்காஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் பெட்டி இறக்கப் போய்விட்டார்.

"இப்ப எதுக்கு அது? ரிங்கு மாத்தினாப் போதும். வாங்க, வேணாம்னு ஒரு தந்தி குடுத்துருவோம்."

"தனம், அது வந்து..."

"தந்தி இங்கிலீசுல இருக்கணுமே, எனக்கு எழுத வராது. நீங்கதான் எழுதணும்."

தந்தி அறையில் தாளை வாங்கி, பேனாவை மையில் தொட்டு, 'இஞ்சின் வேண்டாம்' என்பதை இங்கிலீசில் எழுத ஆரம்பித்தார் வைரவநாதன். தோளுக்கு மேலாகத் தனலெட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"விரலைத் தொடச்சிட்டு எழுதுங்க. வயர்ல இருந்த எண்ணெயெல்லாம் தாள்ல ஒட்டுது."